கொழும்புத் துறையில் அரிசிக் கப்பல்

(ஏர்வாடியில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அநுர குமார திசாநாயக்க இலங்கையின் குடியரசுத் தலைவரானார். இருமுறை ஆயுதம் ஏந்திக் கிளர்ந்து, இருமுறையும் இரத்த வெள்ளத்தில் அமிழ்த்தப்பட்ட மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அவர். அவ்வாண்டு நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் அவரைச் சார்ந்த தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159 இடங்களைப் பெற்றது. செய்தி எட்டியபோது நம் தோழர்கள் பலர் அகமகிழ்ந்தனர். மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அதே தோழர்களிற் சிலர் ஓராண்டு செல்வதற்குள் முகம் சுளிக்கக் காண்கிறோம். ‘டிசம்பரில் தில்லிக்குப் போனார், ஜனவரியில் பீகிங்குக்குப் போனார், 2025 ஏப்ரலில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் அவருடைய அரசு கையெழுத்திட்டது, பன்னாட்டு நாணய நிதியம் விதித்த நிபந்தனைகளையும் கைவிடவில்லை. இதுவா புரட்சிக் கட்சி?’ என்று கேட்கின்றனர்.

கேள்வி நேர்மையானது. ஆனால் அதற்கு இரண்டு எளிய விடைகள் ஊரெங்கும் உலவுகின்றன. ‘காட்டிக் கொடுத்துவிட்டார்கள்’ என்பது ஒன்று. ‘இன்ன வல்லரசு விலைக்கு வாங்கிவிட்டது’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அறிவுக்கு ஓய்வு கொடுக்கும் விடைகள். ஒரு சிறு நாட்டின் அரசு, அது எந்த நிறக்கொடியை உயர்த்தினாலும், எந்த இடுக்கியில் அகப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க இவை நம்மை விடமாட்டா.

அதைப் பார்ப்பதற்கு மாஸ்கோவுக்கும் ஹவானாவுக்கும் போக வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கீழக்கரை வணிகர் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த நாடு அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும்வரை, சென்னையில் ஏறியவன் இரயிலும் கப்பலும் மாறிக் கொழும்பில் இறங்கினான். அந்நாட்டின் வரலாற்றை நாம் ‘தமிழர் சிக்கல்’ என்ற ஒரே சாளரத்தின் வழியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அச்சாளரம் தேவையானதே. எனினும் வீட்டுக்கு வேறு வாயில்களும் உண்டு.

அரிசியிலிருந்து தொடங்குகிறேன்.

1950இல் கொரியப் போர் மூண்டது. இரப்பர் விலை விண்ணை முட்டிற்று. இலங்கையின் பெட்டி நிறைந்தது. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை, போருக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு விற்கலாகாது என்று தீர்மானம் செய்தது. இரப்பரும் அப்பட்டியலில் வந்தது. இரப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ ஏறிற்று. உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் தீவு அது. கொழும்பு சர்க்கார் வாஷிங்டனிடம் கையேந்திப் பார்த்தது. அது கேட்ட விலைக்கு இரப்பரை வாங்கவோ, அது தாங்கக்கூடிய விலைக்கு அரிசியைத் தரவோ அமெரிக்கா இசையவில்லை.

அப்போது கொழும்பில் ஆண்டவர்கள் யார்? டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சியார். கம்யூனிசம் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டம். அந்தக் கூட்டத்தின் வாணிப அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கதான் 1952 டிசம்பரில் பீகிங் சென்று இரப்பர்–அரிசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுதோறும் 50,000 டன் இரப்பர் அங்கே போவது, 270,000 டன் அரிசி இங்கே வருவது, ஐந்தாண்டுக்கு ஏற்பாடு. சந்தை விலைக்கு மேல் கொடுத்துச் சீனா இரப்பரை வாங்கிற்று. அதுவரை இரு நாடுகளுக்குமிடையே தூதருறவுகூடக் கிடையாது! அமெரிக்கா, தான் இயற்றிய சட்டத்தைக் காட்டி, இவ்வாணிபம் செய்யும் நாட்டுக்குத் தன் பொருளுதவி இல்லை என்றது. இலங்கை அஞ்சவில்லை, அஞ்சிப் பயனுமில்லை, ஏனெனில் அடுப்பில் உலை காத்திருந்தது. அந்த ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு முப்பதாண்டு நடந்தது.

வலதுசாரி அரசு வல்லரசின் தடையை மீறிற்று. சில ஆண்டுகள் கழித்து வந்த இடதுசாரிகள் உள்ளிட்ட அரசோ சில இடங்களில் பணிந்தது. ஆகவே, அமைச்சர்களின் சட்டைப்பையில் உள்ள கட்சிச் சீட்டைப் பார்த்து மட்டும் அவர்களுடைய அயல்நாட்டுக் கொள்கையைக் கணிக்கப் புகுந்தால் நாம் வழி தவறுவோம்.

ஒப்பந்தம் கையெழுத்தானபின்பும் நெருக்கடி நீங்கவில்லை. உலக வங்கியின் தூதுக்குழு மானியங்களைக் குறைக்கச் சொல்லியிருந்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை, அளவைக்கு 25 சதமாக இருந்தது 70 சதமாக ஏற்றப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று நாடு ஸ்தம்பித்தது. ஹர்த்தால்! தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மந்திரிசபை எங்கே கூடிற்று தெரியுமா? கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூஃபவுண்ட்லாந்து’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில்! சுதந்திரம் பெற்று ஐந்தாண்டு கடந்த ஒரு நாட்டின் அமைச்சர்கள் தம் மக்களுக்கு அஞ்சிப் பழைய எசமானனின் கப்பலில் ஏறி ஆலோசித்தார்கள். இரண்டு திங்களில் டட்லி பதவி விலகினார்.

1956இல் பண்டாரநாயக்க வந்தார். பிலிப் குணவர்தன போன்ற பழைய புரட்சிக்காரர்களும் அந்த மந்திரிசபையில் அமர்ந்தனர். திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் 1957இல் பிரிட்டிஷார் காலி செய்தனர். சோவியத் ஒன்றியத்துடனும் சீனாவுடனும் தூதருறவு மலர்ந்தது. ஏகாதிபத்தியத்தின் தளங்களைச் சுடாமல் அடிக்காமல் அப்புறப்படுத்திய அச்செயலை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் அதே கை, 1956 ஜூனில் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தையும் எழுதிற்று. ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவன் ஏனைய எல்லாவற்றிலும் நீதிமானாகவே இருப்பான் என்ற மயக்கம் நம் இயக்கத்தில் சிலருக்கு இன்னும் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொல்லிச் செல்கிறேன்.

இனி எண்ணெய்க் கதை. இதனைச் சற்று விரிவாகவே கேளுங்கள்.

கியூபாவில் 1959 ஜனவரியில் புரட்சி வென்றது. அன்று காஸ்ட்ரோ தம்மைக் கம்யூனிஸ்டு என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1960இல் சோவியத் நாட்டிலிருந்து கச்சா எண்ணெய் வந்தது. டெக்சாக்கோ, எஸ்ஸோ, ஷெல் ஆகிய மூன்று கம்பெனிகளும் அதனைச் சுத்திகரிக்க மறுத்தன. கியூபா சுத்திகரிப்பு ஆலைகளை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா கியூபாவின் சர்க்கரையை வாங்குவதைக் குறைத்தது. சோவியத் நாடு அந்தச் சர்க்கரையை வாங்க முன்வந்தது. கியூபா ஏனைய அமெரிக்கச் சொத்துகளையும் நாட்டுடைமையாக்கியது. அமெரிக்கா வாணிபத் தடை விதித்தது. 1961 ஏப்ரலில், கூலிப்படையின் விமானங்கள் குண்டு வீசிய மறுநாள், ‘இது சோஷலிஸப் புரட்சி’ என்று காஸ்ட்ரோ அறிவித்தார். புரட்சி வென்றதற்கும் அதற்கு அந்தப் பெயர் வந்ததற்கும் இடையே இரண்டேகால் ஆண்டு! அந்த இரண்டேகால் ஆண்டிலும் ஹவானா எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் வாஷிங்டன் ஒரு கதவைச் சாத்திற்று. மாஸ்கோ ஒரு கதவைத் திறந்தது. காஸ்ட்ரோவின் உள்ளத்தில் முன்பே என்ன இருந்தது என்பதைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். கதவுகளைப் பற்றி வாதமில்லை.

அதே கம்பெனிகள் கொழும்பிலும் கடை விரித்திருந்தன. ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு 1961இல் பெட்ரோலியக் கூட்டுத்தாபனச் சட்டத்தை இயற்றிற்று. சோவியத் நாடு, ருமேனியா, எகிப்து ஆகிய இடங்களிலிருந்து மலிவாக எண்ணெய் வாங்கி விற்பது நோக்கம். 1962இல் கம்பெனிகளின் விற்பனை நிலையங்களில் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. நட்டஈடு தரமாட்டோம் என்று கொழும்பு சொல்லவில்லை. எவ்வளவு, எப்போது என்பதில்தான் வழக்கு. ஆனால் அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வாண்டில்தான் ஹிக்கன்லூப்பர் என்னும் செனட்டரின் பெயரால் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. அமெரிக்கர் சொத்தை எடுத்துக்கொண்டு, ஆறு திங்களுக்குள் தக்க நட்டஈட்டுக்கு வழி செய்யாத நாட்டுக்கு உதவி நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். அச்சட்டம் முதன்முதலில் பாய்ந்தது எந்த நாட்டின் மீது? பிரேசில் மீதன்று. 1963 பிப்ரவரியில் இலங்கை மீதுதான் பாய்ந்தது. பெரிய நாட்டிடம் பேசிப் பார்ப்பார்கள். சிறிய நாட்டை முன்மாதிரி ஆக்குவார்கள்.

சிறிமாவோ பின்வாங்கவில்லை. 1964 தொடக்கத்தில் எண்ணெய் வாணிபம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சியும் அரசில் சேர்ந்தது, என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். டிசம்பரிலேயே ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அரசு தோற்றது. இந்த இடத்தில் நம் மேடைப் பேச்சாளர்கள் ‘அமெரிக்கா கவிழ்த்துவிட்டது’ என்று முழங்குவது வழக்கம். அதனை நான் சொல்லமாட்டேன். பத்திரிகைக் கம்பெனி ஒன்றை அரசு எடுத்துக்கொள்ள முனைந்ததும், ஆளுங்கட்சியாரே அணி மாறியதும் அதற்கு உடனடிக் காரணங்கள். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள்: 1965 மார்ச்சில் டட்லி மீண்டும் வருகிறார், சில திங்களில் எண்ணெய்க் கம்பெனிகளுடன் நட்டஈட்டு உடன்படிக்கை முடிகிறது, அமெரிக்க உதவி மீள்கிறது, உதவி நாடுகளின் கூட்டமைப்பும் அவ்வாண்டே கூடுகிறது. கூட்டுத்தாபனம் மட்டும் கலைக்கப்படவில்லை.

ஏன் கியூபா ஒரு வழியிலும் இலங்கை வேறு வழியிலும் சென்றன? கியூபாவின் சர்க்கரை முழுவதையும் வாங்க மாஸ்கோ ஆயத்தமாயிருந்தது. இலங்கையின் தேயிலை முழுவதையும் வாங்க எவரும் ஆயத்தமாயில்லை. தேயிலையின் விலை லண்டனில் நிர்ணயமாயிற்று. தோட்டங்களிற் பல லண்டன் கம்பெனிகளின் உடைமை. எண்ணெய்க் கடையை நாட்டுடைமையாக்கலாம்; தேயிலை வாங்குபவனை நாட்டுடைமையாக்க முடியுமோ?

1964 அக்டோபரில் நடந்த ஒன்றை இந்தக் கரை மக்கள் மறந்திருக்க முடியாது. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவராக்கப்பட்டிருந்த 975,000 மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது. தோட்டக் கணக்கில் கொழுந்து நிறுப்பதுபோல் மனிதரை நிறுத்தார்கள். இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் தங்கிச் சென்ற குடும்பங்களை இந்த மாவட்டம் கண்டது. இதில் வாஷிங்டனின் கையுமில்லை, மாஸ்கோவின் கையுமில்லை. 1962இல் சீனாவுடன் போரிட்டுத் தளர்ந்திருந்த தில்லிக்குத் தெற்கே ஒரு நட்பு நாடு தேவைப்பட்டது. அந்த நட்புக்கு விலையாகப் போனவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொழும்பு மந்திரிசபையில் அப்போது மார்க்சியர்களும் இருந்தனர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வல்லரசு என்றதும் நாம் மேற்கே பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தவன் வல்லரசு என்றால் எந்தத் திசையைப் பார்ப்பான்? காலியில் இருப்பவன்? அவர்களுக்கு வல்லரசு வடக்கே இருக்கிறது. அது நாம்தான்.

1971க்கு வருவோம். ஏப்ரல் 5. மக்கள் விடுதலை முன்னணியின் இளைஞர்கள் காவல் நிலையங்களைத் தாக்கினர். அவர்களுடைய தலைவர் ரோகண விஜேவீர மாஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அங்கிருந்து சீன வழிக்குச் சாய்ந்தவர். அவர்கள் எதிர்த்த அரசோ சிறிமாவோவும் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்த ஐக்கிய முன்னணி அரசு. செங்கொடியை நோக்கிச் செங்கொடி சுட்டது. அந்த அரசுக்கு உதவியவர் யார் யார்? அமெரிக்கா உதவிற்று; பிரிட்டன் உதவிற்று; சோவியத் ஒன்றியம் விமானம் தந்தது; இந்தியா ஹெலிகாப்டரும் கப்பலும் அனுப்பிற்று; பாகிஸ்தானும் உதவிற்று. சீனமோ? சூ என்லாய் கிளர்ச்சியைக் கண்டித்துச் சிறிமாவோவுக்குக் கடிதம் எழுதினார். வட்டியில்லாக் கடனும் அளித்தார். அடுத்த சில திங்களில் வங்காளத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற அனைவரும் இந்தக் காட்சியில் ஒரே பக்கம் நின்றனர்! கொழும்பு அரசு தன் பக்கம் இருப்பதே ஒவ்வொரு தலைநகருக்கும் தேவையாயிருந்தது. காட்டில் இறந்துகிடந்த மாணவர்கள் எந்தத் தலைநகருக்கும் தேவைப்படவில்லை.

அவ்வளவு பேரிடமும் கடன்பட்ட அரசு, அவ்வாண்டிலேயே கிழக்கு வங்காளம் செல்லும் பாகிஸ்தான் விமானங்களுக்குக் கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்ப இடம் கொடுத்தது. தில்லி சினந்தது. அதே அரசுதான் இந்துமாக்கடல் அமைதிப் பகுதியாக வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்து 1971 டிசம்பரில் தீர்மானமும் பெற்றது. அத்தீர்மானத்தைப் பெரியவர்கள் எப்படி மதித்தனர்? தியகோ கார்சியாத் தீவிலிருந்த மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர், அமெரிக்கா அங்கே தளம் கட்டிற்று. 1974இல் கச்சத்தீவு ஒப்பந்தம் முடிந்தது. இந்திரா காந்தி, சிறிமாவோவின் நட்பை உறுதி செய்ய விரும்பினார். 285 ஏக்கர் தீவு அதற்கு ஈடாயிற்று. வலை உலர்த்தியவனின் உரிமை 1976 கடிதங்களில் கரைந்தது. 1964இல் மலையகத்தான், 1974இல் நம் மீனவன். பத்தாண்டு இடைவெளி, ஒரே கணக்கு.

பின்னர் ஜே.ஆர். ஜெயவர்த்தன காலத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. அவர் அமெரிக்காவுக்கு வானொலி நிலையத்துக்கு இடம் கொடுத்தார். 1983 இனப்படுகொலை அவர் ஆட்சியில் நடந்தது. 1987 ஜூனில் இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருளேற்றிச் சென்ற ஏறத்தாழ இருபது படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிற்று. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29இல் ஒப்பந்தம். அதனுடன் இணைந்த கடிதங்களைப் படியுங்கள், தோழர்களே! திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்நாட்டின் படைக்கும் கொடுக்கலாகாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து புதுப்பிக்கும். அயல்நாட்டு வானொலி நிலையங்கள் மறு ஆய்வு செய்யப்படும். ஈழத் தமிழருக்காகச் சென்றோம் என்ற படை எந்தக் கடிதத்தோடு சென்றது என்பது அங்கே இருக்கிறது. தமிழர் துயர் பொய்யென்பதன்று இதன் பொருள். துயர் மெய், அதைத் தூக்கிச் சென்ற கை வேறு வேலையும் செய்தது.

அந்த ஒப்பந்தத்தை எதிர்த்துத்தான் மக்கள் விடுதலை முன்னணி இரண்டாம் முறை ஆயுதம் எடுத்தது. ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்பது அவர்களுடைய புகழ்பெற்ற ஐந்து வகுப்புகளில் ஒன்று. மலையகத் தமிழ்த் தொழிலாளியை அந்த விஸ்தரிப்பின் கருவி என்று கற்பித்த கொடுமையும் அந்த வகுப்பில் இருந்தது. இந்தியப் பொருளை விற்பவனை மிரட்டினார்கள். 1989 நவம்பரில் விஜேவீர கொல்லப்பட்டார். வடக்கும் கிழக்கும் இணைந்திருந்ததை 2006இல் வழக்காடிப் பிரித்ததும் இக்கட்சியாரே.

அந்தக் கட்சியின் தலைவரைத்தான் 2024 பிப்ரவரியில், பதவிக்கு வருமுன்பே, தில்லி அழைத்து உபசரித்தது. எதனால் இருபுறமும் மனம் மாறிற்று? 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிக்கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. பெட்ரோலுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். எண்ணெய்க்கும் உணவுக்கும் மருந்துக்குமாக ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு இந்தியா கைகொடுத்தது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் 290 கோடி டாலர் கடனுக்கு இசைந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இலேயே 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் போயிருந்தது. சீனக் கடனே நாட்டை விழுங்கிற்று என்று நம் ஏடுகள் எழுதின. கடனில் மிகப்பெரிய பங்கு மேல்நாட்டு நிதிச்சந்தையில் விற்ற பத்திரங்களுக்குரியது என்பதை அவை எழுதவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 விழுக்காடு சுங்கம் என்று மிரட்டி, ஆகஸ்டில் 20இல் நிறுத்திற்று. அங்கே ஆடை தைத்து அனுப்பும் பெண்களின் கூலி அந்த எண்ணில் தொங்கிற்று.

இவ்வளவும் சூழ அமர்ந்திருப்பவன் எவனாயினும் தில்லிக்கும் போவான், பீகிங்குக்கும் போவான். போவதைக் குறை சொல்லேன். எதைக் கொடுத்தான், எதைக் காத்தான் என்றுதான் கேட்பேன். மன்னார்க் காற்றாலைத் திட்டத்தின் விலையை மறுபடி பேச வேண்டும் என்று புதிய அரசு நின்றது. 2025 பிப்ரவரியில் அதானி கம்பெனி விலகிக்கொண்டது. அங்கே காத்தது. பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வாசகத்தையோ கையெழுத்தானபோது அது மக்கள் முன் வைக்கவில்லை. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து மாண்ட தம் தோழர்களுக்கு அக்கட்சி என்ன விளக்கம் சொல்லும் என்பது அவர்கள் பாடு. தமிழருக்கு அதிகாரப் பகிர்வு என்பதில் இன்னும் நழுவுகிறது. இதற்கு நாணய நிதியத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. வல்லரசின் இடுக்கி எல்லாத் தவற்றுக்கும் மன்னிப்புச் சீட்டன்று.

உங்கள் கிளை நிறைவேற்ற எண்ணியுள்ள தீர்மானத்தின் நகலைக் காட்டினீர்கள். சிறையிலுள்ள மீனவரை விடுவிக்கவும் படகுகளைத் திருப்பவும் கோருகிறது. சரியானதே. ஆனால் இரண்டாம் பத்தியில் ‘சீனத்தின் கைப்பாவையான கொழும்பு அரசு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அச்சொல் நம் சொல்லன்று. தில்லியின் அயலுறவு இலாகா தனக்கு வேண்டியபோது எடுத்தும் வேண்டாதபோது மடித்தும் வைக்கும் சொல் அது. இழுவைமடிக்கு இலங்கை 2017இல் தடைச்சட்டம் இயற்றியது பீகிங் சொல்லியன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு வலை போடும் தமிழ் மீனவனின் வலை அறுந்ததால் இயற்றிற்று. நாட்டுப்படகில் போகும் ஏர்வாடியான் அவன் துயரை அறிவான். விசைப்படகின் மடி இவன் வலையையும் அறுத்திருக்கிறது.

அந்தப் பத்தியில் வேறு இரண்டு வரிகள் எழுதலாம். பாக் நீரிணை விசைப்படகுகளுக்கு மாற்றாக 2,000 ஆழ்கடல் படகுகள் தருவதாக 2017இல் தொடங்கிய திட்டத்தில் மிகச் சிலவே கடலில் இறங்கின. மீதி எங்கே என்று தில்லியைக் கேளுங்கள். இரு கரை மீனவரும் நேருக்கு நேர் அமர்ந்த பேச்சுவார்த்தையை மீண்டும் கூட்டுமாறு தில்லியையும் கொழும்பையும் ஒருசேரக் கேளுங்கள். அப்பேச்சுக்கு மன்னாரிலிருந்து வருபவன் தமிழில்தான் பேசுவான், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படமாட்டார்.